கருப்பியை மட்டும் யாரும் கேட்கவில்லை: தெருக்குட்டியைத் தற்காலிகமாக வளர்த்துக் கொடுப்பது சரியா?

மாடித்தோட்டம்:

எங்கள் தெரு முனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மனையில் ஒரு பெண் நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. ஐப்பசி அடைமழையின்போது தண்ணீர் லாரியில் அடிபட்டு அது செத்துப்போனது. குட்டிகளுக்கு ஐந்து வாரம் இருக்கும். சிமென்ட் குழாய்க்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து கத்தின. குழாயின் வாய்வரை தண்ணீர் வந்துவிட்டிருந்தது. காவலாளி அண்ணன் ஓர் அட்டைப் பெட்டி கொடுத்தார். பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மடிப்பாக்கத்தில் மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, வாடகை வீடு. கணவர், மாமியார், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், நான்.

பத்து வாரம் ஆகிறது. ஒரு குட்டி பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து இறந்தது. இரண்டு ஆண் குட்டிகள் ஒரே வாரத்தில் நல்ல வீடுகளுக்குப் போய்விட்டன. கறுப்பாக இருக்கும் பெண் குட்டி மட்டும் இருக்கிறாள். மகள் கருப்பி என்று கூப்பிடுகிறாள். தொலைபேசியில் கேட்பவர்களின் முதல் கேள்வியே "ஆணா, பெண்ணா?" என்பதுதான். பெண் என்றதும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்" என்று வைத்துவிடுகிறார்கள்.

பொங்கலுக்கு வந்த கொழுந்தனார் எல்லோர் முன்னிலும் கேட்டார்: "நீங்களும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. பிறகு எதற்கு அண்ணி எடுத்தீர்கள்? பழக்கிவிட்டு இன்னொருவர் கையில் தள்ளுவது பாவம் இல்லையா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மனதுக்கு இதமாகச் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

செயலாளர்:

சகோதரி, உள்ளதைச் சொல்கிறேன். 84 வீடுகள் உள்ள குடியிருப்பில் ஆறு ஆண்டுகளாகச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். உங்களைப் போலவே ஒரு பெண் மூன்று நாய்களைக் கொண்டுவந்தார். பத்து நாள் என்றார். பதினான்கு மாதம் ஆனது. பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஒன்றை அழைத்துச் சென்றார், இரண்டு வாகன நிறுத்தத்தில் நின்றன. வீட்டுச் சோறும் மின்விசிறிக் காற்றும் பழகிய நாய்கள். லிஃப்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடி வந்து முகத்தைப் பார்க்கும். இல்லை என்றதும் திரும்பிப் போய்ப் படுக்கும். நான்கு மாதம் இதைப் பார்த்தேன். கடைசியில் பசியிலும் பயத்திலும் ஒன்று நான்கு வயதுக் குழந்தையைக் கடித்தது. அந்தக் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவன் நான்.

எனக்கு நாய்கள்மேல் வெறுப்பு இல்லை. தற்காலிகம் என்ற சொல்லுக்குத் தேதி இல்லாததுதான் என் கோபம். ஐந்து வாரக் குட்டிகளை மழையில் விட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர் இந்தப் பொறுப்பை எடுக்கக் கூடாது. வீட்டு உரிமையாளர் நாளைக்கே காலி செய்யச் சொன்னால் கருப்பி எங்கே போவாள்?

கோவைவாசி:

செயலாளர் ஐயா சொன்ன நாய்கள் அனுபவித்தது கொடுமை. ஆனால் அந்தப் பெண் செய்தது தற்காலிக வளர்ப்பு இல்லை, கைவிடுதல். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்காதீர்கள்.

ஆறு ஆண்டுகளில் ஒன்பது நாய்களை வீட்டில் வைத்திருந்து கொடுத்திருக்கிறேன். எல்லாம் வளர்ந்த நாய்கள். கால் உடைந்தவை, முதலாளி இறந்துபோனவை. கடைசியாக வந்தவனுக்கு நான்கு வயது இருக்கும். தெருவிலேயே பிறந்தவன். வாசற்படியில் கால் வைக்க அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. மொசைக் தரையை அவன் பார்த்ததே இல்லை. முன்னங்கால் வழுக்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மின்விசிறி சுற்றுவதை நிமிர்ந்து பார்த்து நடுங்கினான். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கவே மாட்டேன் என்று பத்தொன்பது மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை வேப்பமரத்தடியில் போய் நின்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில். மூன்றாவது வாரம் ஒரு மதியம் சமையலறை வாசலில் மல்லாந்து படுத்து, நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தூங்கினான். பயப்படும் நாய் வயிற்றைக் காட்டித் தூங்காது. என் அம்மா தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் எழுந்துவிடக் கூடாது என்று அரை மணி நேரம் அந்த வாசலைத் தாண்டவே இல்லை. நான் ஏன் இதைச் செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

அக்கா, கொழுந்தனாருக்கு என் பதில் இது: ஒவ்வொன்றையும் நானே வைத்துக்கொண்டிருந்தால் முதல் நாயோடு என் வீடு நிறைந்திருக்கும். மற்ற எட்டும் தெருவில்தான்.

தெற்குமாடவீதி:

நான் இருவரோடும் ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோகிறேன். மாடித்தோட்டம், நான்கு குட்டிகளுக்கும் இதுவரை எவ்வளவு செலவானது என்று சொல்ல முடியுமா?

மாடித்தோட்டம்:

கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். மருத்துவம், தடுப்பூசி, உணவு, ஆட்டோ எல்லாம் சேர்த்து 23,400 ரூபாய். அதில் பாதிக்கு மேல் பார்வோ வந்த அந்த ஒரு வாரத்தில் போனது.

தெற்குமாடவீதி:

அந்தத் தாய் நாயை எத்தனை நாளாகத் தெரியும்?

மாடித்தோட்டம்:

இரண்டு வருடம். தினமும் இரவு சோறு வைத்தது நான்தான்.

தெற்குமாடவீதி:

அப்படியானால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கருத்தடை ஆனதற்கு அடையாளமாக அவளுக்குக் காதில் வெட்டு இருந்ததா? கருத்தடை ஆகியிருந்தால் இந்த நான்கு குட்டிகளும் இல்லை, பார்வோ இல்லை, இந்தக் கேள்வியும் இல்லை. 2024-ல் மாநகராட்சி எடுத்த கணக்கில் சென்னையில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் வழியை இந்த ஊரில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்க 1990-கள் ஆனது. இன்றும் எங்களுக்கு ஆள் போதவில்லை, கூண்டு போதவில்லை, பணம் போதவில்லை. ஆனால் குட்டியின் படத்தைப் போட்டால் நூறு பேர் வருகிறார்கள். கருத்தடைக்குப் பிறகு நான்கைந்து நாள் ஒரு பெண் நாயை வைத்துப் பார்க்க இடம் கொடுங்கள் என்றால் ஒருவர்கூட வருவதில்லை. குட்டி அழகாக இருக்கிறது, தையல் போட்ட நாய் அழகாக இல்லை. என் வருத்தம் இதுதான்.

மாடித்தோட்டம்:

வெட்டு இல்லை. இரண்டு வருடத்தில் அவள் மூன்று முறை குட்டி போட்டாள். முதல் இரண்டு ஈற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அழுதேன், கூடுதலாகச் சோறு வைத்தேன். பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை செய்ய வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நீங்கள் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை.

வேப்பேரி மாணவி:

கால்நடை மருத்துவம் இறுதி ஆண்டு படிக்கிறேன். பார்வோ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்கா, எத்தனை வாரத்தில் முதல் ஊசி போட்டீர்கள்?

மாடித்தோட்டம்:

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் போடலாம் என்று இருந்தோம். அதற்குள் வந்துவிட்டது. ஏழாவது வாரம். காலையில் கஞ்சியைத் தொடவில்லை. மதியம் நுரையாக வாந்தி. மாலை இரத்தமாகப் போனது. வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மூன்று நாள் டிரிப் ஏற்றினோம். இரவில் ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக வாய் ஓரத்தில் தண்ணீர் விட்டேன். நான்காம் நாள் விடியற்காலை என் மகளின் பழைய பள்ளிச் சட்டைமேல் படுத்தபடி போய்விட்டான். முன்பே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்பதைத்தான் தினமும் நினைக்கிறேன்.

வேப்பேரி மாணவி:

உறுதியாக யாராலும் சொல்ல முடியாது அக்கா. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கிப் பதினாறாவது வாரம்வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். தாயைத் தெருவிலேயே அந்தக் கிருமி தொட்டிருக்கலாம், குட்டிகள் வரும்போதே கொண்டுவந்திருக்கலாம். தொற்றி நோய் வெளிப்பட நான்கைந்து நாளிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும்.

இனி செய்ய வேண்டியது முக்கியம். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். பினாயில் போதாது. ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரை பத்து நிமிடம் ஈரமாக இருக்கும்படி விட்டுத் துடையுங்கள். பாய், கிழிந்த துணி, மரப்பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். ஓராண்டுக்கு ஊசி முடியாத எந்தக் குட்டியையும் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எவ்வளவு பாவமாக இருந்தாலும் வேண்டாம். வளர்ந்த, தடுப்பூசி போட்ட நாயானால் பரவாயில்லை.

செயலாளர்:

மருத்துவம் படிக்கும் பெண்ணே, அந்தக் குட்டிகளோடு விளையாடிய குழந்தையைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை? குட்டியின் பல் ஊசி மாதிரி இருக்கும். விளையாட்டில் கீறும். குட்டிதானே என்று மஞ்சள் வைத்துவிட்டுப் போவார்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

வேப்பேரி மாணவி:

ஐயா கேட்டது இந்த விவாதத்திலேயே முக்கியமான கேள்வி. குட்டிக்கும் வெறிநோய் வரும். தெருவிலிருந்து வந்த குட்டி கடித்தாலும், கீறி இரத்தம் வந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது. தொடர்ந்து நாய்களை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசித் தவணை இருக்கிறது. நாங்கள் எல்லோரும் போட்டிருக்கிறோம். வீட்டில் குழந்தை இருந்தால் குழந்தைக்கும் போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். போட்டிருந்தாலும் கடிபட்டால் மீண்டும் ஊசி வேண்டும், ஆனால் தவணை குறைவு.

மாடித்தோட்டம்:

மகளுக்கு டிசம்பரில் ஒரு கீறல் பட்டது. அன்று மாலையே அழைத்துப் போனோம். எல்லாத் தவணையும் முடிந்துவிட்டது. கருப்பிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி போட்டாயிற்று.

கோவைவாசி:

கருப்பிக்கு வருவோம். பெண் குட்டி போகாததற்குக் காரணம் ஒன்றுதான்: பருவம் வந்தால் தெரு நாய்கள் வாசலில் நிற்கும், குட்டி போடும் என்ற பயம். அந்தப் பயத்தை நீங்களே தீர்த்துக் கொடுங்கள். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்து, தையல் ஆறிய பிறகு கொடுங்கள். என்னிடமிருந்து போன ஒன்பதில் ஐந்து பெண்கள், எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

கொடுக்கும் முன் அவர்கள் வீட்டுக்கு ஒரு முறை நேரில் போங்கள். பால்கனிக் கம்பி இடைவெளியைப் பாருங்கள். வீட்டில் உள்ள வயதானவர் நாயை எப்படிப் பார்க்கிறார் என்று பாருங்கள். வாங்க வருகிற பையனைவிட அவருடைய முகம் உண்மையைச் சொல்லும். கட்டி வைப்பதற்கென்றே கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். முடியவில்லை என்றால் எந்த நாளானாலும் என்னிடமே திருப்பிக் கொடுங்கள், தெருவில் விடாதீர்கள் என்று எழுதி வாங்குங்கள். எனக்கு இரண்டு நாய்கள் அப்படித் திரும்பி வந்தன. திரும்ப எடுத்துக்கொள்ள மனம் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

செயலாளர்:

இது பேச்சு. 2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: தத்து எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு. சங்கம் செல்லப்பிராணியைத் தடுக்க முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் சுற்றறிக்கையை என்னிடம் காட்டுகிறவர்கள் இந்தப் பொறுப்பைக் காட்டுவதில்லை. வாடகை வீட்டுக்காரர் எடுக்கக் கூடாது என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் மாடித்தோட்டம், நீங்கள் ஒரு தேதி சொல்லுங்கள்.

தெற்குமாடவீதி:

தேதியோடு இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த மனையைச் சுற்றி இன்னும் எத்தனை பெண் நாய்கள் இருக்கின்றன?

மாடித்தோட்டம்:

நேற்று இரவு மகளோடு போய் எண்ணினேன். மூன்று. ஒன்று ஏற்கெனவே மடி இறங்கி இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் காதில் வெட்டு இல்லை. இரண்டும் என் கையில் சாப்பிடும், அதனால் கூண்டு இல்லாமலே ஆட்டோவில் ஏற்ற முடியும் என்று நினைக்கிறேன். அறுவைக்குப் பிறகு வைத்துப் பார்க்க எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூரை போட்ட இடம் இருக்கிறது. உரிமையாளரிடம் கேட்டேன். ஒரு நேரத்தில் ஒரு நாய், ஐந்து நாளுக்கு மேல் கூடாது என்று சம்மதித்தார். நீங்கள் நாள் சொன்னால் வருகிறேன்.

செயலாளர் ஐயா, தேதி மே 15. மார்ச் கடைசியில் கருப்பிக்கு ஆறு மாதம் ஆகும், ஏப்ரலில் அறுவை, பிறகு ஒரு மாதம் வீடு தேடுவேன். அந்தத் தேதிக்குள் யாரும் வரவில்லை என்றால் மாநகராட்சியில் என் பெயரில் உரிமம் எடுத்து, அடையாள மைக்ரோசிப் போட்டு, அவளை நாங்களே வைத்துக்கொள்கிறோம். வீடு மாறினால் அவளுக்கும் சேர்த்துத்தான் வீடு பார்ப்போம். கணவர் சம்மதித்துவிட்டார். மாமியார் பதில் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை தயிர்சாதம் பிசையும்போது தாளிப்பதற்கு முன்பு ஒரு பிடி தனியாக எடுத்து வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.