பென்குவின் படத்தைத் தியேட்டரில் போடலாமா, வேண்டாமா?

காசிமேட்டுக்காரன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாவது ஞாயிறு, எங்கள் தெருச் சமூகக்கூடத்தில் இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்துச் சுவரில் கட்டினோம். வாடகை புரொஜெக்டரில், லூக் ஜாக்கே எடுத்து 2005-இல் வெளியான பேரரசப் பென்குவின் ஆவணப்படத்தைப் போட்டோம். ஆங்கிலம் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால் ஒலியைக் குறைத்துவிட்டு நானே மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெண் பென்குவின் தன் காலில் வைத்திருக்கும் முட்டையை ஆணின் காலுக்குத் தள்ளும் இடம் வந்தது. ஒரு ஜோடிக்குத் தவறிப்போய் முட்டை பனியில் உருண்டது. பின் வரிசையில் இருந்த மீன் விற்கும் ஆயா எழுந்து நின்று, "எடுடா, எடுடா, விறைச்சுப் பூடும்" என்று கத்தினார். ஓட்டில் விரிசல் விழுந்தபோது பிளாஸ்டிக் நாற்காலி அசையும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

முட்டையை ஆணிடம் விட்டுவிட்டுப் பெண் கடலுக்குப் போகிறது. ஆண் ஏறக்குறைய 65 நாள் அடைகாக்கிறது, ஒரு வாய் இரை கிடையாது. நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். அங்கே முட்டையிடுவதும் மே, ஜூனில்தான். "அம்மா கடலுக்குப் போயிருக்கு, அப்பா வீட்ல குந்திக்கினு புள்ளையப் பார்த்துக்குது" என்று நான் சொன்னதும் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. லாஞ்சைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த ஆண்கள் யாரும் சிரிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி திறப்பதற்குள் இதை ஒரு நிஜத் தியேட்டரில் காலைக் காட்சியாகப் போட வேண்டும் என்பது என் ஆசை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் முடியும். என்ன சொல்கிறீர்கள்?

கொசஸ்தலை

அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்ததே, அப்போது நான் தினமும் அங்கே இருந்தேன். ஒரு கூழைக்கடா சேற்றில் உட்கார்ந்திருந்தது. மார்பு முழுக்கக் கறுப்பு. அலகால் கோதிக்கோதிப் பார்க்கிறது, கோதக் கோத அலகின் கீழே தொங்கும் பையிலும் எண்ணெய் ஏறுகிறது. பக்கத்தில் போனால் பறக்க இறக்கையை விரிக்கிறது, இறக்கை பிரியவில்லை. அதை எந்தத் தியேட்டரில் போட்டார்கள்?

பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பறவைக்காக நம் பிள்ளைகள் அழுகிறார்கள். நம் முகத்துவாரத்துப் பறவையின் பெயர் கேட்டால் "கொக்கு" என்கிறார்கள். காசு திரட்டுவதாக இருந்தால் இதற்குத் திரட்டுங்கள்.

ராயபுரம் அம்மா

நானும் அன்றைக்கு வந்திருந்தேன். படம் நல்ல படம்தான். ஆனால் சிறுத்தைச் சீல் என்கிற கடல் விலங்கு வந்து கவ்வும் இடமும், பெரிய பறவை ஒன்று குஞ்சைக் கொத்த வரும் இடமும் பார்த்துவிட்டு என் ஆறு வயது மகள் இரண்டு ராத்திரி அழுதாள். வேட்டித் திரையிலேயே இப்படி. தியேட்டர் திரையில் என்ன ஆகும்? போனில் என்றால் அந்த இடத்தைத் தள்ளிவிடலாம். மூன்று பிள்ளைகளைக் கூட்டிப்போனால் டிக்கெட்டைவிடத் தீனிக்கு அதிகம் செலவாகும், அதையும் யோசியுங்கள்.

பழைய ஆபரேட்டர்

பழைய தியேட்டர் புரொஜெக்டரில் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டின ஆள் நான். அகஸ்தியா தியேட்டரையும் 2020-இல் மூடிவிட்டார்கள். வடசென்னையில் இப்படி ஒரு யோசனை வருவதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

போனில் பார்த்தால் போதும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் படத்தில் பென்குவின்கள் கடலிலிருந்து வரிசையாக நடந்து வரும் தூரக்காட்சி இருக்கிறது. அதைப் போனில் பார்த்தால் வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். பெரிய திரையில் அந்தக் கோட்டில் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாகத் தெரியும். ஒன்று வழுக்கி விழும், பின்னால் வருவது நிற்கும், இன்னொன்று குப்புறப் படுத்து வயிற்றால் சறுக்கும். எதைப் பார்ப்பது என்று கண்ணே தேடிப்போகும். போன் அந்தப் பறவையைக் கைக்கு அடக்கமான பொம்மை ஆக்கிவிடுகிறது. தியேட்டரில் அந்தப் பனிக்கு முன்னால் பறவையும் சின்னது, நாமும் சின்னவர்கள்.

இரண்டு ஒளிப்பதிவாளர்கள் ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே தங்கிச் சூப்பர் 16 ஃபிலிமில் எடுத்தது. ஆவணப்படத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல் வசூல், மறு ஆண்டு ஆஸ்கர்.

வியாசர்பாடி டீச்சர்

எனக்குத் திரையின் அளவு பிரச்சினை இல்லை. அதில் சொல்லப்படும் கதைதான் பிரச்சினை. பிரெஞ்சு மூலத்தில் பென்குவின்களே அப்பா, அம்மா, பிள்ளையாகப் பேசுகின்றன. ஆங்கிலத்தில் மார்கன் ஃப்ரீமன் குரலில் அது ஒரு காதல் கதை ஆகிறது. தமிழில் நீங்கள் குடும்பக் கதை ஆக்கிவிட்டீர்கள்.

பேரரசப் பென்குவின் ஓர் இனப்பெருக்கக் காலம் முழுக்க ஒரே துணையோடு இருக்கும், சரி. மறு ஆண்டு அதே துணையோடு சேர்வது சுமார் 15 விழுக்காடுதான். இதைச் சொன்னால் என் வகுப்பில் பிள்ளைகள் முகம் வாடிப்போகிறது, ஏதோ அந்தப் பறவை துரோகம் செய்துவிட்ட மாதிரி. அது அதன் வாழ்க்கை. கூடு கிடையாது, சந்திக்க அடையாளமாக ஓர் இடம் கிடையாது. முந்தின ஆண்டுத் துணை வந்து சேருமா என்று காத்திருந்தால் பருவம் போய்விடும். இந்தக் காரணம் எவ்வளவு சுவையானது! அதை விட்டுவிட்டுப் புருஷன் பொண்டாட்டி என்று சொன்னால் பறவை மறைந்து நாம்தான் தெரிவோம். பெரிய திரையில் இசையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

காசிமேட்டுக்காரன்

டீச்சர், புருஷன் பொண்டாட்டி என்று சொல்லவில்லை. அம்மா அப்பா என்றுதான் சொன்னேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எங்கள் ஆட்கள் அந்தப் பறவையைத் தங்கள் உடம்பால் புரிந்துகொண்டார்கள். எல்லாம் நெருக்கியடித்துக் கூட்டமாக நிற்கும் இடம் வந்தபோது எனக்கு முன்னால் இருந்த பெரியவர், "கரைவலை இழுக்குற மாதிரி" என்றார். கரையில் நின்று இழுக்கும் அந்த வலையில் கயிற்றின் கடைசியில் இருப்பவர் விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர்ப் பக்கம் முதல் ஆளாகப் பிடிப்பார். இங்கேயும் வெளியே குளிரில் நின்றது உள்ளே போகிறது. எந்தப் புத்தகமும் அவருக்கு இதைச் சொல்லவில்லை.

வியாசர்பாடி டீச்சர்

பெரியவர் பார்வை அருமை. ஆனால் ஒரு திருத்தம். கரைவலையில் முறை வைத்து மாறுகிறார்கள். அங்கே யாரும் யாருக்கும் இடம் விடுவதில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் கூட்டத்தை விடாமல் படம் எடுத்துப் பார்த்தார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நகர்கிறது. அந்த அசைவு கூட்டம் முழுக்க அலைபோலப் போகிறது. காற்றடிக்கும் பக்கம் நிற்பது ஓரமாகவே நடந்து மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் வெப்பம் 37 டிகிரி வரை ஏறும், வெளியே மைனஸில் இருக்கும்போது. இவ்வளவுக்கும் தலைவன் கிடையாது. இதை மைக்கில் சொல்லுங்கள், நானே முன் வரிசையில் வந்து உட்காருகிறேன்.

கொசஸ்தலை

அக்கா, எனக்கு இன்னும் பதில் வரவில்லை. 2018-இல் ஒளிபரப்பான பிபிசி தொடரை எடுத்த குழு ஒன்று பள்ளத்தில் சிக்கிய பென்குவின்கள் ஏறிவரப் பனியில் சரிவு வெட்டிக் கொடுத்தது. இயற்கையில் தலையிடலாமா என்று உலகமே அதைப் பற்றிப் பேசியது. எண்ணூரில் மீனவர்கள் வெறும் கையால், மக்கால் எண்ணெயை அள்ளினார்கள். தோலெல்லாம் எரிந்தது. அதைப் பற்றி எத்தனை நாள் பேசினோம்? பெரிய திரைக்குப் போகிற உயிர் எது என்று யாரோ முடிவு செய்கிறார்கள், நாம் அதற்குக் காசும் கொடுக்கிறோம்.

வியாசர்பாடி டீச்சர்

தம்பி, உன் கோபம் நியாயம். ஆனால் தூரத்தை வைத்துப் பிரிக்காதே. 2022-இல் அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்து, அங்கிருந்த ஐந்து பென்குவின் கூட்டங்களில் நான்கில் குஞ்சுகள் தேறவில்லை. நீர் ஒட்டாத இறகு முளைக்குமுன் காலடியில் பனி போய்விட்டது. உன் கூழைக்கடாவுக்கு இறகில் எண்ணெய், அதற்கு இறகே வரவில்லை. 2005-இல் வந்த படத்தில் இது இருக்காது. காட்சி முடிந்ததும் யாராவது எழுந்து சொல்ல வேண்டும்.

பழைய ஆபரேட்டர்

சண்டைக்கு நடுவில் இரண்டு காரியம். ஒன்று, தியேட்டரில் போடுவதாக இருந்தால் படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், இல்லாமல் எந்த மேனேஜரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். இரண்டு, கொசஸ்தலை தம்பி, அந்தக் கூழைக்கடாவை வீடியோ எடுத்தாயா?

கொசஸ்தலை

எடுத்தேன். போனில்தான். பதினொரு நிமிடம். கை நடுக்கம் இருக்கும்.

பழைய ஆபரேட்டர்

வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், பென்டிரைவில் அப்படியே கொண்டு வா. படுக்கையாகப் பிடித்து எடுத்தாயா, நின்றவாக்கிலா? எதுவானாலும் பரவாயில்லை. படத்துக்கு முன்னால் அதைப் போடுவோம்.

ராயபுரம் அம்மா

சீல் வரும் இடத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்த் திரும்பி வருகிறோம்.

காசிமேட்டுக்காரன்

சொல்லிவிடுகிறேன் அக்கா. கொசஸ்தலை தம்பியின் வீடியோ முதலில், அதற்கு அவனே மைக் பிடிக்கட்டும். டீச்சர், கூட்டம் நகரும் இடத்தில் நீங்கள் சொன்னதைச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடுகிறேன், அங்கே காற்றின் சத்தம் மட்டும் கேட்கட்டும். முட்டை கைமாறும் இடத்தில் மட்டும் பேசாமல் இருக்க என்னால் முடியாது. ஆயா அன்றைக்கும் வருவார்.