புதுப்பிப்பு: குடியாத்தத்துச் சுதேசமித்திரன் தொகுதிகள்

குடியாத்தத்தில் ஒரு குடும்பத்தார் பரணில் காத்து வைத்திருந்த 1940களின் சுதேசமித்திரன் நாளிதழ்த் தொகுதிகளை எப்படி மின்னாக்கம் செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். தொகுதிகளின் தையலைப் பிரித்துத் தாள் தாளாக எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள். ஆனால் மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பேறி, விரல் பட்டாலே ஓரம் உதிர்கிற நிலையில் இருப்பதால், முழுக்க விரிக்காமல் தாங்கும் சாய்வுத் தாங்கியில் வைத்து, மேலிருந்து கேமராவில் படமெடுத்து வருகிறோம். மூலப்படம் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) நுணுக்கத்தில் டிஃப் என்னும் படக்கோப்பாகவும், வாசிப்புப் பிரதி பிடிஎஃப் ஆகவும் சேமிக்கப்படுகிறது.

படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தேடக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரியில்தான் உண்மையான சிக்கல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் அச்சாயின. இன்றைய எழுத்துருக்களில் பயின்ற மென்பொருள் அவற்றைத் தாறுமாறாகப் படிக்கிறது. ஆகவே பழைய அச்சு வரிகளையும் அவற்றின் சரியான பாடத்தையும் இணைகளாகத் தொகுத்து, டெசராக்ட் என்னும் எழுத்துணரியை மறுபயிற்சி செய்யத் தொடங்கியுள்ளோம். கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் இரு வடிவங்களுக்கும் ஒரே குறியீடு என்பதால், பழைய இதழிலும் இன்றைய எழுத்தில் தட்டச்சிட்டுத் தேட முடியும். ஆய்வாளருக்கு இது பெரும் வரம்.

ஊர்ப்பெயர்களுக்கு அன்றைய மாவட்டம், இன்றைய மாவட்டம் என இரண்டு குறிப்புகள் இடுகிறோம். அன்று வட ஆற்காட்டில் இருந்த ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதால், எந்த மாவட்டப் பெயரில் தேடினாலும் செய்தி கிடைக்க வேண்டும். அடுத்து, ஆசிரியர் பெயருள்ள கட்டுரைகளின் பதிப்புரிமையைத் தனியே சரிபார்க்கிறோம். அது முடியும்வரை அந்தப் பக்கங்களை வெளியிடப்போவதில்லை.