10 வாரத்தில் நிமோனியா ஊசி போடவில்லை, விட்டுப்போய்விட்டதா?

பொதிகைக்காற்று:
வணக்கம். பெண் குழந்தைக்கு 11 வாரம் ஆகிறது. ஊசி எல்லாம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். ஒன்றரை மாதத்தில் பென்டா, போலியோ, ரோட்டாவோடு வலது தொடையில் நிமோனியாவுக்கு என்று ஒரு ஊசி போட்டார்கள். போன வாரம் 10 வார ஊசிக்குப் போனபோது அதைப் போடவில்லை. சென்னையில் மைத்துனர் குழந்தைக்குத் தனியாரில் 10 வாரத்திலும் போட்டார்களாம், "உங்களுக்கு ஒன்று விட்டுப்போச்சு, அதுவும் அது 10 வகைக்குத்தான், எங்களுடையது 13 வகைக்கு" என்கிறார். மனைவிக்கு அன்றிலிருந்து தூக்கமே இல்லை. வீட்டில் அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு, இருமல் வந்தால் லேசில் விடாது. அவருக்கும் ஏதாவது போடவேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி, எதுவும் விட்டுப்போகவில்லை. அரசு அட்டவணையில் இது 6 வாரம், 14 வாரம், அப்புறம் 9 மாதம் முடிந்து பூஸ்டர். தனியாரில் 6, 10, 14 வாரம், ஒரு வயதுக்கு மேல் பூஸ்டர். இரண்டும் சரியான முறைதான். நான் பார்த்தவரை தாய்மார்கள் தவறவிடுவது அந்த 9 மாத ஊசியைத்தான், பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று ஊருக்குப் போய்விடுவார்கள். தயவுசெய்து அதை விடாதீர்கள், பாதுகாப்பு நீடித்து நிற்பது அதனால்தான்.

இந்த ஊசி தடுப்பது நியுமோகாக்கஸ் என்ற கிருமியை. அதில் ஏறக்குறைய நூறு வகை இருக்கிறது, ஆனால் பெரும்பாலான நோய்க்குக் காரணம் சில வகைகள்தான். புனே சீரம் நிறுவனத்தின் 10 வகை ஊசி நம் நாடுகளில் அதிகம் தொல்லை தருபவற்றைப் பார்த்துச் செய்தது. 13 வகையில் கூடுதலாக இருப்பவை 3, 4, 18சி என்று பெயரிட்ட மூன்று வகைகள், அவ்வளவுதான். 2021இல் அரசு இலவசமாகப் போட ஆரம்பிப்பதற்கு முன் நம் மாநிலத்தில் இதை ஆயிரக்கணக்கில் செலவழித்துத்தான் போடமுடிந்தது, எத்தனையோ பேர் போடாமலே விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இரட்டைவால்குருவி:
ஊசி போட்டாலும் நிமோனியா வரவே வராது என்று நினைக்காதீர்கள், வைரஸாலும் வேறு கிருமிகளாலும் வரும். என் மகனுக்கு 8 மாதத்தில் வந்தது. இரண்டு நாள் வெறும் சளி என்று நினைத்து வீட்டில் மிச்சமிருந்த சிரப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அது பெரிய தப்பு. மூச்சை எண்ணுவது எப்படி என்று அப்புறம்தான் டாக்டர் சொல்லிக்கொடுத்தார். குழந்தை அழாமல் இருக்கும்போது அல்லது தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே டாக்டரிடம் போகவேண்டும். அன்றைக்கு அவனுக்கு 64 இருந்தது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உதடு நீலமானால், வலிப்பு வந்தால் எண்ணிக்கொண்டெல்லாம் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

மாடித்தோட்டம்:
உங்கள் அப்பா விஷயம். இந்தக் கிருமி சின்னக் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா தங்கியிருந்து, அங்கிருந்து பெரியவர்களுக்குப் போகும். அமெரிக்காவில் 2000இல் குழந்தைகளுக்கு இந்த ஊசி போட ஆரம்பித்தபின் முதியவர்களுக்கும் நோய் குறைந்தது. ஆனாலும் 67 வயது, சர்க்கரை என்றால் அவருக்கென்று தனியாகப் போடுவதுதான் நல்லது. பெரியவர்களுக்கான ஊசி அரசுத் திட்டத்தில் இல்லை, வெளியில்தான் வாங்கவேண்டும். எது, எப்போது என்று சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள், கூடவே வருடாந்தர ஃப்ளூ ஊசியையும். மண்ணீரல் எடுத்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் அவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

பொதிகைக்காற்று:
எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று ராத்திரி பாப்பா தூங்கும்போது எண்ணிப் பார்த்தோம், 38. ஒன்று மட்டும் கேட்கிறேன், 14 வார ஊசி அன்று லேசாகச் சளி இருந்தால் தள்ளிப்போடலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
வேண்டாம் தம்பி. லேசான சளி, தும்மலுக்கெல்லாம் தள்ளிப்போடவேண்டியதில்லை. நல்ல காய்ச்சலோ மூச்சுத் தொந்தரவோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.