கச்சேரி, ஜாஸ், காங்கோ எல்லாம் வாசித்த கைகள்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படி யாரையாவது சந்தித்தவர்கள் எழுதுங்கள்

ஏரிக்கரை (ஓசூர்):

ரொம்ப வருடமாக உறுத்துகிற விஷயம். 2009. ராமநாயக்கன் ஏரிப் பக்கம் ஒரு மாடி அறையில் மாஸ்டர் குடியிருந்தார். பெங்களூரில் மிருதங்கம் கற்று, கச்சேரிகளுக்குப் போய், அப்புறம் ஓட்டல்களில் ஜாஸ் டிரம்ஸ், அப்புறம் சுற்றுலாக் கப்பலில் லத்தீன் அமெரிக்க இசை பேண்டில் காங்கோ, கையால் அடிக்கும் உயரமான கியூபா முரசு. எனக்கு அப்போது மிருதங்கத்தில் ஏழு வருடப் பயிற்சி. கியூபா இசையில் எல்லாரும் பிடித்துக்கொள்ளும் அடிப்படைத் தாள அடியான கிளாவே கற்றுக்கொள்ள வேண்டும் என்று போய் நின்றேன்.

இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டினார். ஐந்தே அடி. கேட்டதும் கணக்கு பிடிபட்டுவிட்டது: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு அடி, மொத்தம் பதினாறு மாத்திரை. "இவ்வளவுதானா சார்?" என்றேன். கட்டைகளை என் கையில் கொடுத்து, "பத்து நிமிஷம் பிடி. எதையும் சேர்க்காதே" என்றார்.

அவர் காங்கோவில் ஆரம்பித்தார். வலது கை திறந்த அடி, இடது உள்ளங்கை மெல்ல ஆடி ஆடி. மூன்று நிமிடம் போயிருக்கும். என் கை தானாக ஒரு தீர்மானம் (மூன்று முறை வாசித்து முடிக்கும் கோர்வை) வைத்துச் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழுந்தது. சுத்தமாகத்தான் விழுந்தது. அவர் இரண்டு கைகளையும் காங்கோவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. ஜன்னலோரம் சாத்தியிருந்த ஒரு மூங்கில் குச்சியைப் பார்த்தார், பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. "நாளைக்கு வா" என்றார். நான் போகவே இல்லை. மடியில் இருந்த அந்தக் கைகள்தான் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

கணக்குப்பிள்ளை:

ஏரிக்கரை, நீங்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கணக்கு தெரிந்தவன் கை சும்மா இருக்காது.

பெங்களூரில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு இசைத்தட்டு கேட்டேன். சாக்ஸபோன்காரர் சார்லி மரியானோவும் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவும் சேர்ந்து 1983இல் பதிவு செய்தது. டி.ஏ.எஸ். மணி மிருதங்கம், ஆர்.ஏ. ராமமணி பாட்டு. ஒரு இடத்தில் ராமமணி தகதிமி மாதிரித் தாளச் சொற்கட்டு சொல்லிக்கொண்டே போவார். பெரியப்பா ஊசியைத் தூக்கி, அந்த இடத்தையே நாலு தடவை திரும்பப் போட்டார். கடைசித் தடவை அவர் கண்ணில் தண்ணீர். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருந்தவர்களின் வாசிப்பு அது, உலகம் தேடி வந்து கேட்டது. மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் 1971லிருந்து கனடாவில் யார்க் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். கிளாவே நம் அரிச்சுவடியில் ஒரு வரி. அதற்குப் போய் ஒருவரிடம் கைகட்டி நிற்க வேண்டுமா?

ஸ்னேர் (கிருஷ்ணகிரி):

என் கதை சின்னது. சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறேன். ஜாஸ் வாசிக்கும் அண்ணன் ஒருவர் ரைடு சிம்பலை, ஜாஸில் நடையைப் பிடிக்கும் பெரிய உலோகத் தட்டை, காட்டி வாசிக்கச் சொன்னார். திஸ்ரத்தில், மூன்று மூன்றாக எண்ணி வாசித்தேன், ஒரு மாத்திரை பிசகவில்லை. "எண்ணுறது எனக்குக் கேக்குதுப்பா" என்றார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஸ்விங் என்கிற ஜாஸ் நடை திஸ்ரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் அங்கேயே உட்காராது. வேகம் கூடக் கூட இடைவெளி சமமாகிக்கொண்டே போகும். அதைக் காதால்தான் பிடிக்க முடியும்.

கணக்குப்பிள்ளை அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். பதினாறு சரி. ஆனால் பதினாறு என்று தெரிந்ததும் கிளாவே தெரிந்துவிட்டது என்றால், எட்டு எண்ணத் தெரிந்தவரெல்லாம் ஆதி தாளம் தெரிந்தவர் ஆகிவிடுவார். கிளாவேயை எட்டெட்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பாதியில் மூன்று அடி, அடுத்த பாதியில் இரண்டு. முதல் தகதிமி நடுக்கோட்டைத் தாண்டிப் போய் முடிகிறது. மூன்று இழுக்கும், இரண்டு பதில் சொல்லும். சில பாட்டு மூன்றில் ஆரம்பிக்கும், சிலது இரண்டில். பியானோ, பாஸ், டிரம்பெட் எல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வாசிக்கும். ஒருவர் புரட்டிவிட்டால் மொத்த பேண்டும் குறுக்கே விழும். நம் மேடையில் அதற்கு எது ஈடு? மிருதங்கம் இல்லை. தொடையில் தாளம் போடுகிறாரே, அந்தக் கை. தாளம் போடுகிற கை எங்காவது தீர்மானம் வைக்குமா? மாஸ்டர் ஏரிக்கரையிடம் கேட்டது அந்தக் கையை. அது நம் கலையைக் குறைத்துப் பேசுவது ஆகாது. கியூபாவில் எத்தனையோ தலைமுறை சேர்த்து வைத்த சொத்து அது. மூன்று நான்கு இரண்டு என்று கூட்டிப் பார்த்து நமது என்று எழுதிக்கொண்டால், நம் பம்பையை வேறொருவர் வந்து கூட்டிப் பார்த்துக் கொண்டுபோகும்போது என்ன சொல்வோம்?

அரூர் அம்மா:

என் மகள் கடம் கற்கிறாள். குமாரசாமிப்பேட்டைக் கோயில் கச்சேரி முடிந்து ஒரு பெரியவரிடம் ஆசி வாங்கப் போனோம். அவள் கையைத் திருப்பிப் பார்த்து, விரல் அடிமேட்டில் இருந்த காய்ப்பைத் தடவி, "காங்கோவும் வாசிக்கிறியாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். கை கெட்டுவிடும் என்று நான் நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. தோழி வீட்டில் எனக்குத் தெரியாமல் வாசித்திருக்கிறாள். பெரியவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் 1991இல் அமெரிக்க டிரம்மர் மிக்கி ஹார்ட்டின் பிளானட் டிரம் என்ற இசைத்தொகுப்பில் வாசித்தபோது, அதே குழுவில் போர்ட்டோ ரிக்கோவின் ஜியோவான்னி ஹிடால்கோ காங்கோ வாசித்தார், பிரேசிலின் ஐர்டோ மொரெய்ராவும் இருந்தார், ஜாகிர் உசேனும் இருந்தார், யார் கையும் கெடவில்லை, கிராமி விருதுதான் வந்தது. மகள் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஒரு வாத்தியம், குறைந்தது மூன்று நான்கு வருடம். இரண்டையும் ஒரே நாளில் அடித்துப் பழகவிடாதீர்கள். கடத்தில் விரல்நுனியும் நகமும் வேலை செய்யும், காங்கோவில் ஸ்லாப் அடிக்கு உள்ளங்கை மேடு வேண்டும். அடுத்தடுத்து வாசித்தால் இரண்டும் அரைகுறையாகும் என்று என் மகளிடம் பார்த்துவிட்டேன். மானாமதுரைக் கடம் கனமானது, சின்னப் பிள்ளை மடியில் வைக்க அவசரப்படாதீர்கள். விரல் வெடித்தால் அன்று வாசிப்பு வேண்டாம், கொன்னக்கோல் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) சொல்லட்டும். டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளைக்குக் காதடைப்பான் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். புரியாவிட்டாலும் உட்காருங்கள். நான் ஆறு வருடம் சமையலறையில் இருந்தே கேட்டேன். ஏரிக்கரை தம்பி, நீங்களும் அந்த மாஸ்டரைப் போய்ப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பாலக்கோடு பையன்:

ஆலோசனை எல்லாம் இருக்கட்டும். ஏரிக்கரை அண்ணா எழுதிய மூங்கில் குச்சியைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது.

2007, எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா. தாத்தா தப்பு, அதாவது பறை அடிப்பார். சாவுக்கும் திருவிழாவுக்கும் கூப்பிடுவார்கள், அடித்து முடித்ததும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அன்று ஓசூரிலிருந்து ஒருவர் வந்தார். தாத்தா வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த ஆள் பக்கத்தில் வந்து மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கியூபாவிலும் முன்பு காங்கோவுக்குத் தோலை ஆணியடித்து வைத்து, இப்படித்தான் நெருப்பில் காட்டிச் சுதி ஏற்றினார்களாம், திருகாணி எல்லாம் பிறகு வந்ததாம். தாத்தா "அப்படீங்களா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ராத்திரி முழுக்க மற்றவர்கள் அடி மாற்றி மாற்றி ஆட, தாத்தா ஒரே அடியைப் பிடித்திருந்தார். விடியும்போது அந்த ஓசூர்க்காரர் எழுந்து வந்து, "அய்யா, நான் உங்க அடியைக் கொஞ்ச நேரம் பிடிக்கலாமா?" என்றார். எங்கள் தாத்தாவை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. தாத்தா தோளிலிருந்து தப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கூடப் படிக்கிற பசங்களோடு தேருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். இன்னும் கொஞ்சம் வைக்கோல் கொண்டுவரச் சொல்ல தாத்தா என்னைத் தேடினார். கண்ணில் படாமல் ஒதுங்கினேன். வைக்கோல் எடுத்து வந்தது அந்த ஆள்தான்.

கிளம்பும்போது தாத்தா அவருக்குத் தன் சுண்டுக்குச்சியை, தப்பு அடிக்கும் மெல்லிய மூங்கில் குச்சியை, கொடுத்துவிட்டார். பிடி வழுக்கும் என்று பாட்டி அதில் சிவப்பு நூல் சுற்றியிருந்தாள்.

ஏரிக்கரை (ஓசூர்):

தம்பி, அந்தக் குச்சியை அன்று பார்த்தும் நான் என்ன என்று கேட்கவில்லை. மாஸ்டர் ஏரிப் பக்கத்திலிருந்து வீடு மாறிவிட்டாரா என்று இன்று சாயங்காலமே விசாரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வர முடியுமா?

பாலக்கோடு பையன்:

வருகிறேன் அண்ணா. தாத்தாவின் தப்பு வீட்டில்தான் இருக்கிறது. எடுத்து வரட்டுமா?