எஸ்பெராண்டோவின் மேற்குறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும்

க. எழுதியது:
அன்புடையீர், எஸ்பெராண்டோ என்னும் செயற்கை மொழிக்கான அறிமுகக் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சாமென்ஹோஃப் 1887இல் வெளியிட்ட அம்மொழியின் 28 எழுத்துகளில் ஆறு, தலையில் குறி தாங்கியவை. சி, ஜி, எச், ஜே, எஸ் ஆகியவற்றின் மேல் முகடு போன்ற குறியும், யு-வின் மேல் குழிந்த வளைவும் வரும். வெறும் சி 'த்ஸ்' என்று ஒலிக்கும். குறி ஏறினால் 'பச்சை'யில் கேட்கும் சகரமாகும். 'த்ஸேலோ' என்றால் இலக்கு, 'ச்சேலோ' என்றால் உயிரணு. ஆகவே குறியை விட்டுவிட முடியாது. அம்மொழி பேசுவோர் முகட்டைத் தொப்பி என்றே சொல்வதால் 'தொப்பிக்குறி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மு. எழுதியது:
தொப்பி தமிழன்று, ஐயா. கவிதல் என்னும் வினையிலிருந்து குடைக்குக் 'கவிகை' என்ற பெயர் இருக்கையில், 'கவிகுறி' என்பதில் என்ன தடை? அன்றியும், இகர உயிர்மெய்யின் மேற்கோட்டைத் தொல்காப்பிய உரையாசிரியர் 'விலங்கு' என்றனர். 'மேல்விலங்கு' என்று கொண்டாலும் மரபு வழுவாது.

இரா. எழுதியது:
கவிகுறியைக் காணும் மாணவர் புலவரைத் தேடுவார். மேல்விலங்கோ மெய்யோடு உயிர் சேர்வதைக் காட்டுவது. இங்கே ஒரு மெய் வேறொரு மெய்யாகிறது.

மு. எழுதியது:
அப்படியாயின் 'திரிகுறி' என்க. மெய்யைத் திரிப்பதனால் காரணப்பெயரும் ஆயிற்று.

இரா. எழுதியது:
இதே குறி பிரெஞ்சில் உயிரெழுத்தின் மேல் ஏறி, பல சொற்களில் பண்டு இருந்து மறைந்த 'ஸ்' ஒலியைச் சுட்டுகிறது. அங்கே மெய் எதுவும் திரியவில்லை. செயலை வைத்துப் பெயரிட்டால் மொழிக்கொரு பெயர் வேண்டியிருக்கும். வடிவத்தைச் சொல்லும் 'கூரைக்குறி' எங்கும் செல்லும்; அச்சுக்கோப்பவருக்கும் விளங்கும்.

ந. எழுதியது:
சாமென்ஹோஃபே 1894இல் இக்குறிகளை நீக்கும் சீர்திருத்தத்தை முன்வைத்து, வாக்கெடுப்பில் தோற்றார். 1907இல் எஸ்பெராண்டோவிலிருந்து பிரிந்த இடோ மொழி இவற்றைக் கைவிட்டது. தேவையற்ற குறிக்கு இத்தனை பெயரா?

இரா. எழுதியது:
தோற்றுப்போனது சீர்திருத்தம்தானே, அம்மா. குறி இன்றும் அச்சாகிறது. அதற்கான அச்செழுத்து இல்லாதவர்கள் எச் சேர்த்து எழுதலாம் என்று தொடக்கத்திலேயே வழி சொல்லப்பட்டது. கணினியில் பலர் எக்ஸ் சேர்க்கிறார்கள், அந்த எழுத்து அம்மொழியில் இல்லாததால் குழப்பம் நேர்வதில்லை.

மு. எழுதியது:
யு-வின் வளைவை மறந்துவிட்டீர்கள். அது குறுகிய உகரமாதலால் 'குற்றியலுகரக்குறி' என்பேன்.

இரா. எழுதியது:
குற்றியலுகரம் சொல்லின் ஈற்றில் வல்லினத்தை ஊர்ந்து வரும். இதுவோ அகரத்துக்கும் எகரத்துக்கும் பின் வந்து வகரம் போல் ஒலிப்பது. அகரத்தோடு உகரமோ வகரமோ சேர்ந்தால் ஔ போல் இசைக்கும் என்ற நன்னூல் விதியே இதற்கு நெருக்கம். பெயர் 'பிறைக்குறி' என்றிருக்கட்டும்.

க. எழுதியது:
நாளை காலை பக்கங்களை அனுப்ப வேண்டும். இரா. சொன்னபடி 'கூரைக்குறி', 'பிறைக்குறி' என்று மாற்றிவிட்டேன். தொப்பியை அடைப்புக்குறிக்குள் ஒருமுறை மட்டும் தந்திருக்கிறேன்.

மு. எழுதியது:
அந்த அடைப்புக்குறியையே பலர் பிறைக்குறி என்கிறார்களே, ஐயா! ஒரே பக்கத்தில் இரண்டு பிறையா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பிலாவது 'கவிகுறி'யைப் பரிசீலியுங்கள்.