வெடிமருந்து அளவு ஒரே சீராக விழவில்லை: உதவி தேவை

டோங்காட் வாசி: வணக்கம். வீட்டில் .308 ரைபிள் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்புகிறேன். மருந்தை அளந்து கொட்டும் கருவியான மெஷரின் திருகை அசைக்காமலே ஒவ்வொரு முறையும் எடை மாறுகிறது. அரை கிரெயின் (மருந்தின் எடையலகு) வரை வித்தியாசம். சனிக்கிழமை மிட்லாண்ட்ஸில் வேட்டை இருப்பதால் விரைவாகச் சொல்லுங்கள்.

காட்டுவழி: எந்த மருந்து, எந்தத் தராசு, தம்பி?

கடலோரம்: டர்பன் பக்கத்து ஈரக்காற்றுதான் காரணம். டப்பாவை மூடி வையுங்கள்.

பழைய கை: ஈரம் மெல்ல ஏறுவது, அடுத்தடுத்து விழும் இரண்டு அளவுகளுக்கு இடையே அது அரை கிரெயினை மாற்றாது. தோட்டா நிரப்பும் கையேட்டின் முதல் அத்தியாயத்தையாவது படித்துவிட்டு வருவதுதான் முறை.

டோங்காட் வாசி: சோம்கெம் எஸ்365. மின்னணுத் தராசு.

காட்டுவழி: எஸ்365 குச்சி வடிவ மருந்து, மெஷரின் உருளை திரும்பும்போது விளிம்பில் சிக்கும் குச்சிகள் வெட்டுப்படுவதாலும், புனலில் அவை குறுக்கே அடைத்துக்கொள்வதாலும், உருண்டை மருந்தைப் போல் அது சீராக விழாது. ஆனால் பழியை மெஷர்மேல் போடுமுன் ஒரே தட்டை, மருந்தோடு, எடுத்து எடுத்துத் தராசில் வையுங்கள். எண் மாறினால் குறை தராசில், மாறாவிட்டால் மெஷரில். தெரிந்த எடைக்கல்லையும் வைத்துப் பாருங்கள்.

பழைய கை: மின்னணுத் தராசை நம்புவதே தவறு. மின்சாரம் இல்லாத, கோல் வைத்த நெம்புத் தராசு ஒன்றே போதும்.

கடலோரம்: ஐயா, காற்றடித்தால் நெம்புத் தராசும்தான் ஆடும். 0.1 கிரெயின் என்பது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம், மின்விசிறி, குளிரூட்டி, பக்கத்தில் வைத்த கைப்பேசி எதுவும் அதைக் கலைக்கும்.

பழைய கை: நெம்புத் தராசுக்குக் கைப்பேசி ஒரு பொருட்டே அல்ல.

காட்டுவழி: இருவரும் சொல்வது உண்மைதான், ஆனால் தம்பிக்கு வேண்டியது வழி. தராசை முன்னதாகவே போட்டுச் சூடேற விடுங்கள். புனலில் மருந்து மட்டம் மிகவும் இறங்காமல் பார்த்துக்கொண்டு, நெம்புகோலை ஒரே வேகத்தில் இழுங்கள். உருளை எதையாவது வெட்டுவதாகக் கையில் பட்டால் அந்த அளவைத் திரும்பக் கொட்டிவிடுங்கள். வேண்டிய எடைக்குச் சற்றுக் குறைவாக விழவைத்து, மீதியைத் தராசின்மேலேயே சிறுகச் சிறுகச் சேர்ப்பதுதான் குச்சி மருந்துக்கு ஏற்ற முறை. கையேட்டின் உச்ச அளவுக்கு அருகில் நிரப்பினால் அரை கிரெயின் ஆபத்து. தொடக்க அளவிலேயே நில்லுங்கள்.

டோங்காட் வாசி: ஒரே தட்டுக்கே எண் மாறியது. குளிரூட்டியை நிறுத்தியதும் நின்றது. மெஷரில் இன்னும் சிறிது வித்தியாசம் இருக்கிறது. மீதியைக் கையால் சேர்க்கிறேன். நன்றி அண்ணா.