மறு: ‘டூல் கால்’ – கருவி அழைப்பா, கருவி ஏவலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் செயற்கை நுண்ணறிவுக் கலைச்சொல் ஆவணத்துக்காக நடக்கும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். புதிதாக வருபவர்களுக்கு: மொழி மாடல் தானே செய்ய முடியாத வேலைக்காக அதற்குத் தரப்படும் சிறு நிரல்தான் ‘டூல்’. அதைப் பயன்படுத்தச் சொல்லி மாடல் கேட்பது ‘டூல் கால்’ (call). ‘டூல்’ என்பதற்குக் ‘கருவி’ போதும் என்பதில் ஏறக்குறைய எல்லாரும் ஒத்துவந்துவிட்டோம். ‘டூல் கால்’ என்பதற்குத்தான் பெரும்பாலானோர் ‘கருவி அழைப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘கருவி ஏவல்’ என்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் கலாசிபாளையத்தில் ஒரு பார்சல் ஆபீசுக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று லாரி போகும் ஆபீஸ். புக்கிங்கில் உட்காருகிறவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். லாரி ரசீதை அங்கே எல்.ஆர். என்றுதான் சொல்வார்கள். ‘இந்த எல்.ஆர். எங்கே இருக்கிறது’, ‘சேலத்துக்கு இன்றைக்கு எத்தனை மூட்டை’ என்று தமிழிலேயே தட்டிக் கேட்கும்படி ஓர் ஏஜென்ட், அதாவது மாடலும் கருவிகளும் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு, வைத்துக்கொடுத்தோம். அதற்கென்று ஏழு கருவிகள் நானே எழுதினேன்.

கருவி எழுதிப் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒவ்வொரு கருவிக்கும் மூன்று விஷயம் எழுதி மாடலிடம் கொடுக்கிறோம்: ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற வடிவம். நாங்கள் பயன்படுத்தும் இடைமுகத்தில் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்க வேண்டும். விளக்கம் எந்த மொழியிலும் இருக்கலாம். மாடல் நம் நிரலைப் பார்ப்பதில்லை. விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவி வேண்டும் என்று முடிவெடுக்கிறது. விளக்கத்தைத் தமிழில் எழுத வாய்ப்புக் கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் ஏழு விளக்கங்களையும் தமிழில் எழுதினேன். ரத்து செய்யும் கருவிக்கு நான் எழுதியது: ‘பட்டியலிலிருந்து எல்.ஆரை எடுக்க.’

ஒரு நாள் மாலை, லோடிங் நடந்துகொண்டிருக்கும் நேரம். புக்கிங் கிளார்க் ஒருவர் ‘4127 எடுங்க’ என்று தட்டினார். ரசீதைத் திரையில் எடுத்துக் காட்டு என்பது அவர் எண்ணம். நம் மொழியில் ‘எடு’ இரண்டு பக்கமும் போகும்: பீரோவிலிருந்து புடவையை எடுப்பதும் எடுப்பதுதான், பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதும் எடுப்பதுதான். மாடல் என் விளக்கத்தில் இருந்த ‘எடுக்க’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. லோடிங் ஷீட்டிலிருந்து 4127 போய்விட்டது. ஓசூர் கடைக்குப் போக வேண்டிய மூன்று மூட்டை குடோனில் கிடந்தது, லாரி கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: ‘மாடல் கேன்சல் பண்ணிடுச்சு.’ முதலாளியிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். பிறகு உட்கார்ந்து, நடந்ததெல்லாம் வரிவரியாக எழுதப்படும் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு வரிகள். முதல் வரியில் மாடல் எழுதியது: கருவியின் பெயர், 4127 என்ற எண், அந்தக் கோரிக்கைக்கு ஓர் அடையாள எண். அவ்வளவுதான், ஒரு துண்டுச் சீட்டு அளவு எழுத்து. இரண்டாவது வரியில் என் பைத்தான் நிரல் அந்தச் சீட்டை வாங்கி, யாரிடமும் எதுவும் கேட்காமல், தரவுத்தளத்தில் நிலையை ‘ரத்து’ என்று மாற்றியிருந்தது. மாடலுக்கு எங்கள் தரவுத்தளத்தின் வாசற்படிகூடத் தெரியாது. சொன்னது அது, செய்தது என் நிரல். இரண்டுக்கும் நடுவில் ‘4127, ஓசூர், மூன்று மூட்டை, ரத்து செய்யட்டுமா?’ என்று கேட்கும் ஒரு வரியை நான் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

அந்த நடு இடம் என் கண்ணில் படாமல் போனதற்கு ‘கால்’ என்ற சொல்லும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் இந்த வசதியை ‘ஃபங்ஷன் காலிங்’ என்ற பெயரில்தான் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ‘டூல்ஸ்’ என்ற பெயர் வந்தது, ‘கால்’ அப்படியே ஒட்டிக்கொண்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, மாடலை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறையிலும் ‘கால்’ உண்டு. நிரலாளருக்கு ‘கால்’ என்றால் அழைத்த கணமே வேலை நடந்து விடை திரும்பிவிடும். தமிழிலேயே நிரல் எழுதும் எழில் நிரல்மொழியில் ஒரு நிரல்பாகத்தை (ஃபங்ஷனை) அழைத்தால் அது அங்கேயே ஓடும், நடுவில் ஆள் கிடையாது. ஏஜென்ட் விஷயம் அப்படியில்லை. மாடல் கேட்கும், நம் நிரல் சரிபார்க்கும், செய்யும் அல்லது மறுக்கும், விடையைத் திருப்பித் தரும், மாடல் அதைப் படித்து அடுத்ததை யோசிக்கும். இதை ‘அழைப்பு’ என்றால் கேட்பதும் செய்வதும் ஒன்றாகக் குழைந்துவிடுகிறது.

நம் இலக்கணம் இந்த இரண்டையும் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் சொல்லும் பொருள் ‘வினைமுதல் கருவி’. செய்கிறவனும் அவன் கையில் இருப்பதும் ஒரே உருபின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நன்னூல் வினைமுதலைக் கருத்தா என்று சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும்: கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது, இது ஏவுதல் கருத்தா. சேக்கிழாரால் பெரியபுராணம் இயற்றப்பட்டது, இது இயற்றுதல் கருத்தா. கரிகாலன் கல் சுமக்கவில்லை. ஆனாலும் ‘கட்டினான்’ என்கிறோம், ஏவினான் என்று தெரிந்தே சொல்கிறோம். ‘மாடல் கேன்சல் பண்ணிடுச்சு’ என்பதும் அதே மாதிரி வாக்கியம்தான். ஏவுதல் கருத்தாவை இயற்றுதல் கருத்தா என்று எண்ணிக்கொண்டதுதான் நான் செய்த பிழை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ‘செய்’ என்பதோடு ‘வி’ அல்லது ‘பி’ தனியாகச் சேர்ந்தால் ஏவல், இரண்டும் இணைந்தால் ஈரேவல் என்பது நன்னூல். செய்வி, செய்விப்பி. கிளார்க் மாடலை ஏவினார், மாடல் நிரலை ஏவியது, நிரல் இயற்றியது. இந்தச் சங்கிலிக்குப் பவணந்தி முனிவர் கையில் சொல் தயாராக இருந்திருக்கிறது! பெங்களூருக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நன்னூலை எழுதச் சொல்லிக் கேட்டவன் சீயகங்கன், கங்கர் வழிவந்தவன். கங்கரின் பழைய தலைநகர் இங்கே பக்கத்தில் இருக்கும் கோலார். அவன் ஏவ, இவர் இயற்றினார்.

இனி வந்த மறுப்புகள்.

சேலத்து ஐயா, ‘ஏவல்’ என்றதும் பில்லி சூனியம்தான் நினைவுக்கு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். என் அம்மாவிடம் சொன்னபோது அவர் முகமும் மாறியது. ஆனால் ‘ஏவல் வினை’ என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் எழுதுகிறது, அங்கே யாரும் பயப்படுவதில்லை. பக்கத்தில் ‘கருவி’ நிற்கும்போது அந்தப் பொருள் தானாக விலகிவிடும். ஏவுகணை, ஏவுதளம் என்று நாளிதழில் தினமும் படிக்கிறோமே.

ஓசூர் அக்கா எழுப்பிய கேள்வி இதைவிடக் கனமானது. ஏவல் என்பதில் ஆண்டான் அடிமை வாடை அடிக்கிறது, ஏவலாள் என்று மனிதரைச் சொன்ன சொல் அது என்கிறீர்கள். இரண்டு நாள் இதை யோசித்தேன். மனிதரை மனிதர் ஏவுவதற்கு அந்தச் சொல் இனி வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். இங்கே ஏவப்படுவது நிரல். மனிதரிடமிருந்து விலக்கி நிரலுக்குக் கொடுத்துவிட்டால் அந்தச் சொல்லுக்கும் நல்லது என்று நினைக்கிறேன். ‘கோரல்’ என்ற உங்கள் மாற்று எனக்குப் பிடித்தே இருந்தது, ஆனால் ‘ரிக்வெஸ்ட்’ என்பதற்குக் ‘கோரிக்கை’ என்று முன்பே எழுதிவருகிறோம், இரண்டும் மோதும். இப்படி மோதினால் என்ன ஆகும் என்று ‘செயலி’யில் பார்த்துவிட்டோம். பிராசசருக்கு வைத்த சொல்லைக் கைப்பேசி ஆப் வாங்கிக்கொண்டது. இன்று ‘செயலி சூடாகிறது’ என்று எழுதினால் எது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு சொல் நல்ல சொல்லா என்பதற்கு நான் பார்க்கும் சோதனை, அதை வேலையில் போட்டு இழுத்தால் பிய்கிறதா என்பதுதான். ஏவல் பிய்யவில்லை. கருவியை ஏவு, ஏவியது, ஏவப்பட்டது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் வரும் அடையாள எண் ‘ஏவல் எண்’. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கருவிகளைக் கேட்டால் ‘இணை ஏவல்’. பதிவுக் கோப்பு ‘ஏவல் பதிவு’. நிரல் செய்ய மாட்டேன் என்றால் ‘ஏவல் மறுப்பு’. திரும்பி வருவது ‘கருவி விடை’. அழைப்பை வைத்துக்கொண்டு ‘அழைப்பு மறுப்பு’ என்று எழுதிப் பாருங்கள், போனை எடுக்கவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

‘கஸ்டம் டூல்’, அதாவது நாமே எழுதிச் சேர்க்கும் கருவி, பற்றிச் சுருக்கமாக. ‘தனிப்பயன் கருவி’ என்பது மெனுவில் வாழும் சொல், வாயில் வருவதில்லை. பீன்யாவில் லேத் ஓட்டும் என் மாமா, ஒரு வேலைக்கென்று கிரைண்டரில் தானே தேய்த்துச் செய்த டூலை ‘நம்ம டூல்’ என்பார். வேறு யாராவது எடுத்தால் கோபம் வரும். அந்த உணர்வோடு ‘சொந்தக் கருவி’ என்று சொல்லலாம். மாடல் நிறுவனமே தரும் இணையத் தேடல் போன்றவை ‘உடன்வரும் கருவி’. ‘ஏஜென்ட்’ பற்றி இங்கே நான் பேசவில்லை. ‘முகவர்’ என்றால் வாக்குச்சாவடி முகவர் நினைவுக்கு வருகிறார், ‘முகவர் தேடியது’ என்று எழுதவும் கை கூசுகிறது. ‘உலாவி’ போல ‘முகவி’ என்று ஒருவர் சொன்னார், பெண்பாலாகவும் படிக்கலாம் என்று மற்றவர் சொன்னார். அது தனி இழைக்கு உரியது.

எங்கள் பக்கத்தில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்துக் கருவியின் விளக்கம் இப்போது இப்படி இருக்கிறது: ‘பதிவான எல்.ஆரை ரத்து செய்யும். அந்தச் சரக்கு லாரியில் ஏறாது. ரசீதைப் பார்க்க மட்டும் கேட்டால் இதை ஏவாதே.’ ரத்து ஏவல் வந்தால் நிரல் நிறுத்தி வைத்து, எண்ணையும் ஊரையும் மூட்டைக் கணக்கையும் காட்டி கிளார்க்கிடம் ஒப்புதல் வாங்குகிறது. அவர் வேண்டாம் என்றால் ‘ஒப்புதல் இல்லை, ரசீதைக் காட்டச் சொல்கிறாரா என்று கேள்’ என்று மாடலுக்கு விடை போகிறது. அந்தத் திரையின் தலைப்பில் ‘ஏவல் வந்துள்ளது’ என்று போட்டிருக்கிறேன். கிளார்க்குகள் யாரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஏவலுக்கு எதிர்ப்பக்கம், அதாவது நிரல் வேலையைச் செய்து முடிப்பதற்கு, நான் ‘இயற்று’ என்று எழுதிவருகிறேன். கூட வேலை செய்யும் தம்பி, பாட்டு இயற்றுவது போல இருக்கிறது, ‘நிறைவேற்று’ போதும் என்கிறான். ‘நிறைவேற்று’ என்றால் நன்றாக முடிந்தது என்ற பொருளும் ஏறிவிடுகிறது, பிழையில் முடிந்த ஏவலை அப்படிச் சொல்ல முடியுமா? இலக்கணம் படித்தவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆவணத்தின் அடுத்த பதிப்பை ஞாயிற்றுக்கிழமை ஏற்ற வேண்டும்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து